கொக்கு நின்ற இடம்

கொக்கிடம் ஒரு பழைய படகு விலைக்கு இருந்தது. பார்க்க வந்த நீர்நாய் லேசுப்பட்ட ஆளல்ல. பலகையைத் தட்டிப் பார்த்தது, புதுப் பெயின்ட்டை மோந்து பார்த்தது, துடுப்பைக் கடித்தும் பார்த்தது.

“ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமா, கொக்கண்ணே?”

கொக்கு முந்திக்கொண்டு ஏறி, நடுப்படகில் ஒற்றைக்காலில் நின்றது. அக்கரை போய்த் திரும்பும்வரை அந்தக் கால் இம்மியும் நகரவில்லை. கொக்கு என்றால் அப்படித்தான் நிற்கும். இருந்தாலும் நீர்நாயின் மண்டையை ஏதோ குடைந்தது. ஆற்றில் குதித்து ஒரு கெண்டையைப் பிடித்து வந்து, படகின் முனையில் துள்ளத் துள்ளப் போட்டது.

“சாப்பிடுங்க அண்ணே.”

கொக்கு மீனைப் பார்த்தது. காலைப் பார்த்தது. எச்சிலை விழுங்கியது.

“பசியில்லை தம்பி.”

அதன் விரலிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

“படகு அருமைதான்,” என்றது நீர்நாய். “விலையில உங்க காலும் சேர்த்தியா?”