அறுபத்தைந்து வாட்

மாமனார் மறுபடியும் பிடுங்கிவிட்டார்.

லேப்டாப் அடாப்டரில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போன், கூடத்து மேசையில் தனியாகக் கிடந்தது. மாப்பிள்ளை எடுத்துப் பார்த்தார். இரண்டு சதவீதம்.

"மாமா, இதனால ஒண்ணும் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அறுபத்தஞ்சு வாட், மாப்பிள்ளை. அது லேப்டாப்புக்கான தீனி. அதை இந்தச் சின்ன வயித்துல திணிச்சா வெடிக்கும்."

"அடாப்டர் திணிக்காது மாமா. போன் கேக்கறதைத்தான் கொடுக்கும். செருகினதும் ரெண்டும் பேசி, எவ்வளவு வேணும்னு முடிவு பண்ணிக்கும். நல்ல அடாப்டரா, நல்ல கேபிளா இருந்தாப் போதும்."

"ஒரு டப்பாவும் ஒரு போனும் பேசி முடிவுக்கு வருமா? ஃபேனை எத்தனையில வைக்கிறதுன்னு இந்த வீட்டுல மூணு பேரால முடிவுக்கு வர முடியலை."

மாமனார் மின் ஆய்வாளராக இருந்தவர். முப்பத்தோரு வருடம். ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், ஆய்விலிருந்து அல்ல. ஸ்விட்ச் போர்டு பக்கம் ஈரக்கையோடு போனவர்கள் அந்த வீட்டில் அவரிடம் விளக்கம் எழுதிக் கொடுக்காததுதான் பாக்கி.

மாப்பிள்ளைக்கு வாதாட நேரமில்லை. வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பதினொரு மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. கடைசிச் சுற்று. போனின் சொந்த சார்ஜர் போன மாதமே செத்துவிட்டது. போனும் செத்தால் சாகட்டும் என்று குளிக்கப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார். லேப்டாப்பில் அறுபது சதவீதம் இருந்தது. தாங்கும் என்று அடாப்டரைக் கூடத்திலேயே விட்டுவிட்டார்.

பேச்சு நன்றாகவே போனது. அதுதான் வம்பு. ஐம்பது நிமிடம் ஆனதும், "எங்கள் இயக்குநரும் உங்களிடம் பேச விரும்புகிறார். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்" என்றார்கள்.

பத்தொன்பது சதவீதம்.

மாப்பிள்ளை கூடத்துக்கு ஓடினார். அடாப்டர் இல்லை. சோபாவுக்கு அடியில் இல்லை. சமையலறையிலும் இல்லை. பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில் இருந்தது.

மாமனாரோடு.

கவிழ்த்த வாளியின் மேல் ஒரு தட்டு. தட்டில் மாமனாரின் போன். போனில் லேப்டாப் அடாப்டரின் கேபிள். எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் மாமனார். காலில் ரப்பர் செருப்பு, தலையில் ஸ்கூட்டர் ஹெல்மெட், கையில் நீண்ட மரக்கரண்டி, பக்கத்தில் பூந்தொட்டியிலிருந்து அள்ளிய மண் ஒரு குவளை.

மாப்பிள்ளையின் கண்ணில் அடாப்டர் மட்டும்தான் பட்டது.

"என் போன்னா வெடிக்கும். உங்க போன்னா வெடிக்காதா மாமா?"

மாமனார் ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளினார். "உள்ளே போங்க, மாப்பிள்ளை. பாதிப் பேச்சுல எழுந்து வரலாமா?"

"அதைக் கொடுங்க. லேப்டாப் அணையப்போகுது."

"எத்தனை இருக்கு?"

"பத்தொன்பது."

மாமனார் மனசுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். "அரைமணி தாங்கும். இதை எடுக்க முடியாது."

மாப்பிள்ளை கையை நீட்டினார். மரக்கரண்டி குறுக்கே வந்தது.

"அஞ்சு மாசமா ஒரு வேலைக்காக நாயா அலையறேன் மாமா. உங்களுக்கு உங்க போன் பெரிசாப் போச்சு."

"ஆமா" என்றார் மாமனார். "இப்போதைக்கு இதுதான் பெரிசு. போங்க."

பெண் கொடுத்தவர் என்பதால் மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார்.

இயக்குநர் வந்தார். நிதானமான மனிதர். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சதவீதம் செலவழித்தார்.

"உங்கள் குழுவில் ஒருவர் காரணமே சொல்லாமல் ஒத்துழைக்க மறுக்கிறார். என்ன செய்வீர்கள்?"

"அவர் பக்கத்து நியாயத்தை முதலில் கேட்பேன்" என்றார் மாப்பிள்ளை, கூசாமல்.

இயக்குநருக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துவிட்டது. "ஒன்றாம் தேதி வந்து சேர்ந்துவிடுங்கள்" என்றார். அப்போது மூன்று சதவீதம். நன்றி சொல்லி முடித்ததும் லேப்டாப் இருண்டது.

வெளியே மனைவி நகத்தைக் கடித்தபடி நின்றிருந்தாள்.

"வேலை கிடைச்சிடுச்சு" என்றார். "உங்க அப்பாவையும் மீறிக் கிடைச்சிடுச்சு."

"அப்பாவை மீறியா?" அவள் முகத்திலிருந்த சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா போன் வழியாத்தாங்க நீங்க இவ்வளவு நேரம் பேசினீங்க."

"என்னது?"

"நீங்க குளிக்கப் போனப்போ வீட்டு நெட் போயிடுச்சு. என் போன்ல டேட்டா தீர்ந்துபோச்சு. உங்க போன் செத்துக் கிடந்தது. அப்பா போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு உங்க லேப்டாப்பை இணைச்சுவிட்டேன். தெரிஞ்சா பதறிடுவீங்க, சொல்லாதேன்னார். பாதியில அவர் போன்ல சார்ஜ் இறங்கிடுச்சு. அவரோட பழைய சார்ஜர் ஏத்தறதுக்குள்ள உங்க வீடியோ குடிச்சுத் தீர்த்துது. வேற வழியில்லாம உங்க அடாப்டரை எடுத்தார்."

மாப்பிள்ளை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பின்பக்கம் ஸ்டூலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

மனைவியிடம் கேட்டார்: "அப்போ, வெடிக்காதுன்னு நான் சொன்னதை நம்பிட்டாரா?"

"எங்கே நம்பினார்? எப்படியும் வெடிக்கும்னு சொல்லித்தான், என்னை அந்தப் பக்கமே வரக்கூடாதுன்னுட்டு, தான் மட்டும் போய் உட்கார்ந்தார்."