எண்பத்திரண்டு கிலோ

பூந்தமல்லி சைக்கிள் கடை வாசலில் மதுரைவீரன் இரண்டு ரிம்களைத் தூக்கிக் காட்டுகிறான். என் பழைய ரிம்மைவிட இரண்டுமே இலேசு. கறுப்பு வளையங்களுக்குள் காலை வெயில் வட்டமாக நிற்கிறது. ஞாயிறன்று கல்குவாரிச் சரிவில் என் முதல் சைக்கிள் பந்தயம். நெஞ்சு இப்போதே பெடல் மிதிக்கிறது. "உன் வெயிட்டு இன்னாக்கா?" "எழுபது." வீட்டிலும் அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டில் மெல்லிய ரிம்மை எடுக்கிறான். "அப்ப இதான். எழுபத்தஞ்ச தாண்டுனா நசுங்கிடும். உன் வண்டிக்குப் பின்னால ஷாக் அப்சார்பர் இல்ல, அடியெல்லாம் ரிம்முக்குத்தான்." எதிரே நடக்கும் மெட்ரோ வேலையின் இரைச்சலுக்கு மேலே கத்துகிறேன்: "எண்பத்திரண்டு!" பஞ்சருக்குக் காத்திருப்பவர் திரும்பிப் பார்க்கிறார். மதுரைவீரன் நிமிரக்கூட இல்லை. "அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" மற்ற ரிம்மை என் சுட்டுவிரலில் மாட்டுகிறான். இதுவும் இலேசுதான்; விரல் வளையவே இல்லை.