ஓம், வந்திட்டார்

"உன்ரை அப்பாவைக் கடல் கொல்லேல்லையடி. நீ செய்த ஆப்தான் கொன்றுபோட்டுது!"

மக்டலீன் போனைத் தூக்கி மகள் ஜெசிதாவின் மடியில் எறிந்தாள். குருநகர் மீனவர் சங்கக் கட்டடத்தில் கூடியிருந்த அத்தனை பேரும் ஜெசிதாவையே பார்த்தார்கள். போன மாதம் இதே இடத்தில் அவளுக்குக் கை தட்டியவர்கள்தான்.

இரவு தொழிலுக்குப் போன படகுகள் எல்லாம் விடியவே கரை சேர்ந்துவிட்டன. தனியே போன அவளின் அப்பா மரியரட்ணத்தின் படகு மட்டும் மதியமாகியும் வரவில்லை. உப்புத் தண்ணீர் பட்டால் பழுதாகிவிடும் என்று அவர் கடலுக்குப் போன் கொண்டுபோவதும் இல்லை.

இப்படி ஒன்று நடந்துவிடக்கூடாது என்றுதான் ஜெசிதா அந்தச் செயலியைச் சங்கத்துக்குச் செய்துகொடுத்தாள். கொக்குவிலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு இதுதான் வேலை. விடிந்ததும் வீட்டுப் போனின் திரையில் ஒரு கேள்விப் பெட்டி எழும்பி, "மரியரட்ணம் கரை சேர்ந்திட்டாரோ?" என்று கேட்கும். கீழே இரண்டு பொத்தான்கள் இருக்கும்: "ஓம், வந்திட்டார்", "இன்னும் இல்லை". இல்லையென்று அமர்த்தினால் சங்கத் திரையில் அந்தப் படகின் பெயர் சிவக்கும். உடனே தேடப் போவார்கள்.

"நான் இன்னும் இல்லையெண்டுதான் அமத்தினனான். மாதா அறிய அதைத்தான் அமத்தினனான்!" மக்டலீன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

சங்கத் தலைவர் சந்தியோகு தலை குனிந்து நின்றார். "முதல்லை சிவப்பு விழுந்தது உண்மைதான், பிள்ளை. நாங்கள் படகைத் தள்ளுறதுக்கிடையிலை பச்சையாய் மாறீட்டுது. வந்திட்டார் எண்டு காட்டினாப்பிறகு ஆர் தேடப் போறது? உன்ரை அம்மா ஓடிவந்து குளறினாப்பிறகுதான் ரெண்டு படகை அனுப்பினனாங்கள்."

ஜெசிதாவுக்குத் தான் கட்டிய பெட்டி நினைவுக்கு வந்தது. போனில் வழக்கமாக வரும் பெட்டியின் எழுத்து சின்னது, கண் தெரியாதவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று, பெரிய எழுத்தும் பெரிய பொத்தான்களுமாகத் தானே ஒரு பெட்டி கட்டியிருந்தாள். சொந்தமாகக் கட்டினால் எந்தப் பொத்தானுக்கு என்ன நடக்கவேண்டும் என்பதையும் தானே எழுதவேண்டும். பொத்தானை அமர்த்தியதும் பெட்டி மூடும்; மூடும்போதும் ஒரு செய்தி போகும். அந்தச் செய்தியை "வந்திட்டார்" என்று எடுத்துக்கொள்ளும்படி கைதவறி எழுதியிருந்தால்?

அம்மா இல்லையென்று சொல்ல, பெட்டி மூடும்போது ஓம் என்று சொல்லியிருக்கும். அப்பாவைக் கொன்றது தன் கைதான்.

மடிக்கணினியைத் திறந்தாள். "இன்னும் இல்லை"யை அமர்த்திப் பார்த்தாள். திரை சிவந்தது, சிவந்தபடியே நின்றது. பெட்டிக்கு வெளியே தொட்டுப் பார்த்தாள், பின்செல்லும் பொத்தானை அமர்த்திப் பார்த்தாள். பதில் சொல்லாமல் பெட்டி அசையவில்லை. அவள் எழுதியதில் பிழையே இல்லை. காலையில் வந்த பதில்களின் பட்டியலைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் இல்லையெண்டுதான் அமத்தியிருக்கிறியள். பிறகு வேறை ஒரு போனிலையிருந்து ஆரோ ஓம் எண்டு அமத்தியிருக்கினம்."

"வேறை போனோ? ஆற்றை போன்?"

ஒரு படகுக்கு இரண்டு போன்களைப் பதியலாம். ஒன்றில் சார்ஜ் இல்லாமல் போனால் என்ன செய்வது என்று மரியரட்ணம்தான் கூட்டத்தில் எழும்பிக் கேட்டார். அப்பாவின் மூளையை நினைத்து அன்று ஜெசிதாவுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாவது எண்ணையும் அவரே தன் கையால் பதிந்திருந்தார்.

எண்ணைப் பார்த்த மக்டலீன் உதட்டைப் பிதுக்கினாள். "எனக்குத் தெரியாத நம்பர். அந்த மனிசன் ஆரையும் நம்பும். நம்பிக் குடுத்தவங்களே கழுத்தறுத்துப் போட்டாங்கள்!"

"வலைப் பிரச்சினையிலை கொழுவினவங்கள்தான் தேடவிடாமல் செய்திருப்பாங்கள்," என்றார் சந்தியோகு. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்களோடை ஒண்டா இருந்து சாப்பிட்டவங்கள்! எடு பிள்ளை, எல்லாருக்கும் கேக்கக்கூடியமாதிரிப் போடு. உவன் ஆரெண்டு பாப்பம்."

ஜெசிதா ஒலிபெருக்கியில் போட்டாள். மணி அடித்தது. சனமெல்லாம் கிட்ட நெருங்கியது.

எடுத்தது ஒரு பெண்பிள்ளையின் குரல். "ஹலோ?"

ஜெசிதாவுக்கு ஆத்திரத்தில் குரல் கிழிந்தது. "உங்களுக்கு மனச்சாட்சி இல்லையோ? மரியரட்ணம் கரைக்கு வந்திட்டார் எண்டு ஏன் பொய் அமத்தினனீங்கள்?"

மறுமுனையில் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். பிள்ளையின் குரலில் கோபம் ஏதும் இல்லை, கொஞ்சம் குழப்பம்தான் இருந்தது.

"பொய்யோ? அப்பா இஞ்சை இருந்து சாப்பிடுறாரே."