இறங்காத பந்து

சலூனில் டிவி இருந்தும் சவரிமுத்து அண்ணன் கிரிக்கெட்டை ரேடியோவில்தான் கேட்பார். வர்ணனையாளர் பந்து உயரே எழும்புகிறது என்றதும் சவரக்கத்தியை என் கழுத்திலிருந்து எடுத்துவிடுவார். பந்து தரையிலோ யார் கையிலோ சேர்ந்த பிறகே மறுபடி வைப்பார்.

இன்று கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டியிருந்தது. "தூக்கி அடிக்கிறார்... மேலே, மேலே..." என்றது ரேடியோ. கத்தி விலகியது. அந்த நொடியில் பேட்டரி தீர்ந்துபோனது.

"டிவியப் போடவாண்ணே?" என்றேன், பாதி முகத்தில் நுரையோடு.

"வேணாம் தம்பி. அதுல பந்து இத்துனூண்டுதான் தெரியும்."

தூக்கிய கத்தியோடு வாசலுக்குப் போனார். நானும் எழுந்து போனேன். வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த மூன்று பேரும் ஏற்கெனவே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்தேன். பந்து இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தது.