மகனுக்குக் கொடுத்த வேஷம்

"ரொனி, நீ இறங்கு. இந்த வருஷம் இயேசு கிஷான்."

இயேசு சிலுவையில் பட்ட பாடுகளின் நாடகத்தை நடத்தும் கிறகரி இப்படிச் சொன்னதும் ஒத்திகை அப்படியே நின்றது. பெரிய வெள்ளிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கிஷான், கிறகரியின் சொந்த மகன். ரொனியோடு ஒரே வகுப்பில் படித்தவன். படைவீரன் வேஷத்தில் கையில் சவுக்கோடு நின்றான்.

சிலுவையில் கட்டப்பட்டிருந்த ரொனி கேட்டான்.

"நா என்ன செஞ்சேன் அங்கிள்?"

"இப்ப என்ன கேட்ட?"

கேட்டது உண்மைதான். கயிற்றைச் சரிபார்க்கும்வரை சும்மா தொங்கிக்கொண்டிருந்தபோது வந்த சந்தேகம். 'மன்னிக்கணும்னா, மன்னிச்சிட்டேன்னு கடவுள் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. எதுக்கு மகனச் சாகக் குடுக்கணும்?'

"சந்தேகம் உள்ளவன் சிலுவையில ஏறக் கூடாது" என்றார் கிறகரி.

"இயேசுவோட சீடர் தோமையாருக்கே சந்தேகம் வந்துச்சே அங்கிள்?"

"அப்ப தோமையாரா கூட்டத்துல நில்லு. அதுக்குத் தாடி தேவயில்ல."

ரொனி, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ரோமை ஆளுநர் பிலாத்துவைப் பார்த்தான். பிலாத்துவாக நடிப்பவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சயந்தன் மாஸ்டர். சைவர், நாடகம் என்றால் எங்கேயும் வந்துவிடுவார்.

"என்னைப் பாக்க வேண்டாம் தம்பி. நான் கை கழுவுற ஆள்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். ரொனி சிரிக்கவில்லை.

வேஷம் போனது மட்டும் அவன் கவலை இல்லை. அம்மா டொரதி டெங்குக் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, அவள் பிழைத்தால் மூன்று வருஷம் சிலுவை சுமப்பதாக நேர்ந்திருந்தான். இது மூன்றாவது வருஷம். அதற்காக வங்கி நேர்காணலைக்கூட வேண்டாம் என்று விட்டிருந்தான். பட்டம் முடித்து இரண்டு வருஷத்தில் வந்த ஒரே அழைப்பு அது. பெரிய வெள்ளிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை, சவரம் செய்த முகத்தோடு வர வேண்டும் என்று எழுதியிருந்தது. ஐந்து மாதம் வளர்த்த தாடியை எடுத்துவிட்டால் இயேசுவாக நிற்பது எப்படி? நேர்த்தியை முறித்து, அம்மாவுக்கு மறுபடி ஏதாவது வந்துவிட்டால்?

இப்போது வேஷமும் இல்லை.

அம்பிட்டிய ஊர் முழுக்க இதே பேச்சாக இருந்தது.

"மகனுக்கு வேஷம் வேணும்னா நேராவே சொல்லியிருக்கலாம். கேள்வி கேட்டானாம், அது ஒரு சாட்டு!"

"கிஷானப் பாருங்க. நாப்பது நாள் நோன்பிருந்த மொகமா அது? நாப்பது கொத்து ரொட்டி சாப்பிட்ட மொகம்!"

கோயில் வாசலில் பலர் கிறகரியைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாடகர் குழுப் பெண்கள் அவர் காதில் விழும்படியே பேசினார்கள். அவர், "நா நடத்துற நாடகம். யாருக்குக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று ஒரே தடவை மட்டும் சொன்னார். அதற்கும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

டொரதிதான் முதலில் தெளிந்தாள்.

"நேர்த்திய முறிச்சது நீயா? அவருதானே. அந்தப் பாவம் அவரு தலையில. நீ போய்த் தாடிய எடு. செவ்வாக்கெழம பேங்குக்குப் போ."

ரொனி கோபத்தோடு தாடியை எடுத்தான். கோபத்தோடு பஸ் ஏறினான். கோபத்தில் பயப்பட மறந்துபோய், கேட்ட கேள்விக்கெல்லாம் சரளமாகப் பதில் சொல்லிவிட்டு வந்தான்.

பெரிய வெள்ளியன்று நல்ல மழை. நாடகப்படி கிஷான் சிலுவையோடு விழ வேண்டியது மூன்று தடவை; வழுக்கி வழுக்கி ஐந்து தடவை விழுந்தான். வெரோனிக்காவாக நடித்த பெண் அவன் முகத்தைத் துடைத்தபோது, கதைப்படி துணியில் இயேசுவின் முகம் பதிவதற்குப் பதிலாக ஒட்டுத்தாடி முழுதாகக் கழன்று வந்தது. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். கூட்டத்தில் நின்ற ரொனியும் மனம் நிறையச் சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து வங்கியிலிருந்து நியமனக் கடிதம் வந்தது. ரொனி ஒரு கேக் வாங்கிக்கொண்டு நேராகக் கிறகரி வீட்டுக்குப் போனான்.

கதவைத் திறந்தது கிஷான். தாடி ஒட்டிய பசையால் தாடை முழுக்க இன்னமும் சிவந்து தடித்திருந்தது.

"அப்பா வேலைக்குப் போயிட்டாரு. கேக் பெட்டிய வச்சிட்டுப் போ."

"நன்றி சொல்லக் கொண்டுவரல்ல. காட்டிட்டுப் போக வந்தேன். உங்கப்பா இறக்கிவிட்டாரு, கடவுள் ஏத்திவிட்டாரு. எனக்கு வேல கெடச்சிருச்சி!"

"தெரியும்டா, கெடைக்கும்னு" என்று கிஷான் சிரித்தான். "இன்டர்வியூவுக்குப் போக மாட்டேன்னு உங்கம்மாகிட்ட சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்டதானே சொன்ன? நா அத யார்கிட்ட சொல்லியிருப்பேன்னு நெனக்கிற?"

ரொனி பக்கத்திலிருந்த கதிரையில் மெல்ல உட்கார்ந்தான்.

"அப்ப... பரவாயில்ல, நீ போயிட்டு வான்னு அங்கிள் எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே? ஏன் ஊரெல்லாம் திட்டு வாங்கணும்?"

"சொன்னா நீ போயிருப்பியா? நேர்த்தி, பாவம்னு அங்கயே நின்னிருப்ப. அதான் பாவத்த அப்பா எடுத்துக்கிட்டாரு." கிஷான் தாடையைச் சொறிந்துகொண்டே கேக் பெட்டியைத் திறந்தான். "தொங்குறதுக்கு என்னை அனுப்பிட்டாரு."