கர்ச்சீப் சந்திரமோகன்

"இன்னாங்க மேடம் இது? இந்த வாரமும் எனக்குக் கர்ச்சீப்பு, அருள்ராஜுக்குப் புடவையா?"

சந்திரமோகன் கேட்டதற்கு டீம் லீடர் சுபத்ரா திரும்பக்கூட இல்லை. பலகையில் அடுத்த சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருந்தது அந்தச் சின்ன சாப்ட்வேர் கம்பெனி. புடவை விற்கும் ஆப் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதில் கண்டுபிடிக்கிற ஒவ்வொரு பிழைக்கும் ஒரு சீட்டு. சீட்டில் பிழையின் அளவு, சரிசெய்கிறவர் பெயர். ஸ்மால், லார்ஜ் என்றெல்லாம் ஆரணியில் யார் சொல்வார்கள்? பட்டனில் ஓர் எழுத்து விட்டுப்போனால் கர்ச்சீப். அப்புறம் துண்டு, வேட்டி. சிவப்பு கேட்டவருக்குப் பச்சை போய்ச் சேர்ந்தால் புடவை!

"அவங்கவங்க எழுதின புரோகிராம்ல வர்ற பிழையை அவங்கவங்கதான் சரி பண்ணணும். உனக்கு வந்தது அவ்ளோதான். ஜல்தியா முடி, போ" என்றார் சுபத்ரா.

போன வாரம் மட்டும் அருள்ராஜ் மூன்று புடவைகளை முடித்திருந்தான். ஒவ்வொரு தடவையும் ஆபீஸே கை தட்டியது. கர்ச்சீப் முடித்தவனுக்கு எவன் தட்டுவான்?

"இன்னாப்பா கர்ச்சீப் சந்திரமோகன், மூக்கைத் தொடச்சிகினு இருக்கியா?" என்று அருள்ராஜ் வேறு சிரித்தான்.

சந்திரமோகனுக்கு வயிறு பற்றி எரிந்தது. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்!

அதைவிடப் பெரிய பேஜார் ஒன்று இருந்தது. அடுத்த மாதம் சுபத்ரா சென்னைக்குப் போகிறார். புது லீடர் சந்திரமோகனா, அருள்ராஜா என்று சொல்ல முதலாளி எல்லப்பன் நாளைக் காலை வருகிறார். பட்டு வியாபாரி, கம்ப்யூட்டர் தெரியாது. பலகையைத்தான் பார்ப்பார். சந்திரமோகனுக்குப் போளூரில் பேசி வைத்திருக்கும் பெண்ணின் அப்பாவோ, "மாப்ள லீடர் ஆயிடுவாரா?" என்று இரண்டு தரம் கேட்டாகிவிட்டது.

மறுநாள் எட்டு மணிக்கே சந்திரமோகன் வந்து ஆபீசைத் திறந்தான். தன் பெயரில் இருந்த நாலு கர்ச்சீப் சீட்டுகளையும் கிழித்தான். சுபத்ராவின் எழுத்து மாதிரியே புதிதாக எழுதி ஒட்டினான். புடவை, புடவை, புடவை, புடவை. அருள்ராஜ் பெயரில் ஒரே ஒரு புடவைதான். பார்க்கப் பார்க்க மனசு குளிர்ந்தது.

ஒன்பதரை மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சுபத்ராவோடு எல்லப்பனும் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தறியிலிருந்து வந்த புடவையைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு சீட்டாக நிதானமாகப் பார்த்தார்.

"யாருப்பா இங்க சந்திரமோகன்?"

"நான்தாங்க!"

துள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். அருள்ராஜின் முகம் சுருங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தபோது அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லப்பன் சுபத்ராவிடம் திரும்பினார்.

"இன்னாம்மா, 'சந்திரமோகன் வேலையில பழுது வந்தாலும் கர்ச்சீப்பு அளவைத் தாண்டாது, அவனையே லீடர் ஆக்கிடலாங்க'ன்னு நேத்து போன்ல சொன்னே. நானும் அவன் பேரைத்தான் எழுதிகினு வந்தேன். இங்க பாத்தா நாலு பழுதும் புடவை நீளத்துக்கு இருக்குதே! அந்த ஒரு புடவைக்காரன் பேரையே போடு."