ஏழாவது கையெழுத்து

"நான் ஏறமாட்டேன்!"

லிஃப்ட் மெக்கானிக் சிகிச்சை அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்த பிடியை விடவில்லை. ஆறு முறை வாயைத் திறக்காமல் அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்த மனுஷன், ஏழாவது முறை ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும்படி மானத்தை வாங்குவார் என்று அவர் மனைவி நினைக்கவேயில்லை.

எட்டு மாதமாகச் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தவர். சொந்த அண்ணன் இறந்த சேதிக்கும் "சரி" என்றார். மாமியார் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியதற்கும் "சரி" என்றார். அதற்கப்புறம்தான் அவர்கள் குடியிருப்பில் எல்லோருக்கும் நிஜமாகவே கவலை வந்தது.

அந்த மனச்சோர்வு எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில், மயக்க மருந்து கொடுத்துத் தலைக்கு ஷாக் வைப்பது என்று முடிவானது.

அதிலும் ஒரு சிக்கல். போன வருஷம்தான் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. அதனால் மனநல டாக்டர் ஒவ்வொரு முறையும், நெஞ்சில் ஒயர் ஒட்டுவதற்கு முன்னால், ஒரே எச்சரிக்கையைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்.

"ஷாக் கொடுக்கறப்ப இதயத் துடிப்பு தாறுமாறா ஓடலாம். அபூர்வமா நின்னும் போகலாம். சம்மதமா?"

ஆறு முறையும் "சரி"தான். கூரியர் வாங்குகிறவர் மாதிரி ஒரு கிறுக்கல். அவ்வளவுதான்.

இன்றைக்குப் பேனாவையே தொடவில்லை.

"நின்னு போச்சுன்னா?"

"இதய டாக்டர் பக்கத்துலயே இருக்காரு. மருந்து, மெஷின் எல்லாம் தயாரா இருக்கு."

"அதையும் மீறி நின்னுட்டா?" அவர் கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "சின்னவ இன்னும் பள்ளிக்கூடமே முடிக்கல டாக்டர். இவளுக்குத் தனியா பஸ் மாறிப் போகக்கூடத் தெரியாது!"

"ஆமா, எட்டு மாசமா பின்ன யாரு மாறிப் போனாங்களாம்?" என்று மனைவி பொரிந்தாள். பிறகு டாக்டரிடம் திரும்பியபோது குரல் இறங்கிவிட்டது. "பாதியில விட்டா மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துடுவாரு. இத்தனை நாள் பட்டதெல்லாம் வீணாயிடும். நாலு பேரைக் கூப்பிட்டுப் புடிச்சாவது படுக்க வைங்க டாக்டர்."

நர்ஸ் ஒரு எட்டு முன்னால் வந்தாள். டாக்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கையெழுத்தில்லாத தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா. பொழைச்சுட்டாரு."